வாதத்தில் ஜெயித்தேன், நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார்

கேள்வி, ஜூன் 3

என் நண்பர் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மூன்று வாரமாக அவரோடு விசுவாசத்தைப் பற்றி வாதம் செய்தேன். உயிர்த்தெழுதல், வேதாகமத்தின் நம்பகத்தன்மை, துன்பம் ஏன் என்ற கேள்வி, எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். கடைசியில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. 1 பேதுரு 3:15 சொல்கிறபடிதானே செய்தேன்? எங்கே தவறினேன்?

ஜூன் 3, இரவு

அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்பது உங்கள் கணக்கு. அவர் பேசாமல் எழுந்து போனார் என்பது மட்டும்தான் நடந்தது. எதிரில் இருப்பவர் வாயை மூடினால் ஜெயித்தோம் என்று எழுதிக்கொள்கிற பழக்கம் எனக்கும் இருபது வருடம் இருந்தது, அதனால்தான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

அந்த வசனத்தை முழுதாக எடுத்துப் பாருங்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." நாமெல்லாம் "ஆயத்தமாயிருங்கள்" என்ற சொல்லில் போய் உட்கார்ந்துகொள்வோம். புத்தகம் வாங்குவோம், காணொளி பார்ப்போம், குறிப்பெடுப்போம். "விசாரித்துக் கேட்கிற" என்பதைத் தாண்டிப் போய்விடுவோம். உங்கள் நண்பர் விசாரித்துக் கேட்டாரா, நீங்களாக ஆரம்பித்தீர்களா? மூன்று வாரத்தில் முதல் கேள்வி யாருடையது?

பேதுரு எழுதிய அந்த நிருபம், அதாவது கடிதம், யாருக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். முந்தின வசனமே நீதியினிமித்தம் பாடுபடுகிறவர்களைப் பற்றியது. அவமானப்பட்டுக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கூட்டம். இவ்வளவு நடந்தும் இவர்கள் எதை நம்பி இப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்கு ஆச்சரியம் வந்து கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லு என்கிறார் பேதுரு. ஒருவரைத் தேடிப் போய் மடக்குவதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

இயேசு யாரையும் வாதத்தில் மடக்கியதாகவும் எனக்கு நினைவில்லை. கேள்விதான் கேட்பார்.

ஜூன் 4

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு "உத்தரவு" என்ற சொல் தூங்க விடவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் அதற்குப் பொருள் உத்தரம், மறுமொழி. இன்றைக்கு நமக்கு உத்தரவு என்றால் கட்டளை. மேலதிகாரி போடுவது. "உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள்" என்பதை நம்மில் பாதிப் பேர் இந்தப் புதுப் பொருளில்தான் செயல்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் அப்பொலொகியா. குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்வதற்கான சொல். அப்போஸ்தலன் பவுல் கடைசிக் காலத்தில் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, முதல்விசை உத்தரவு சொல்ல நிற்கையில் ஒருவரும் என்னோடு இருக்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்கிறாரே, அங்கேயும் இதே சொல்தான். கூண்டில் தனியாக நிற்கிறவனுடைய சொல். நாம் அதை எடுத்துக்கொண்டு வழக்குத் தொடுக்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம்.

ஜூன் 6

திருத்தம். மூன்றாம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மத்தேயு 22:34ஐத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். "அவர் சதுசேயரை வாயடைத்தார்" என்று அச்சாகியிருக்கிறது. மடக்கவில்லை என்று எழுதியிருந்தேன். வாயையே அடைத்திருக்கிறார்.

சரி, தப்புதான். ஆனால் எப்படி அடைத்தார் என்று பார்த்தால் நான் முதலில் எழுதியதைவிட நல்ல விஷயம் அகப்படுகிறது. சதுசேயர் ஒரு யூதப் பிரிவினர், உயிர்த்தெழுதல் இல்லை என்பவர்கள். ஏழு சகோதரர், ஒரே மனைவி என்று ஒரு கதை கட்டிக்கொண்டு வந்தார்கள். இயேசு அவர்கள் பெரிதாக மதித்த மோசேயின் எழுத்துக்கே போகிறார். முட்செடியில் கேட்ட சொல், "நான் ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனும்". அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் நின்று பேசுகிறார்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் இதையே ஒரு முறையாக எழுதிவைத்தார். யூதரோடு பேசினால் பழைய ஏற்பாட்டிலிருந்து பேசலாம். எந்த வேதத்தையும் ஏற்காதவரோடு பேசினால் எல்லாருக்கும் பொதுவான பகுத்தறிவிலிருந்துதான் தொடங்க முடியும். கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் வேதாகமத்தை நம்பாத ஒருவரிடம் "வேதாகமம் சொல்கிறது" என்று எத்தனை தடவை ஆரம்பித்திருப்போம்? நான் நூறு தடவையாவது ஆரம்பித்திருப்பேன்.

ஜூன் 7

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியன் போல எழுதிக்கொண்டே போவேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், சபையில் வளர்ந்தவர். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதில் பரிசெல்லாம் வாங்கியவர். இருபது வயதுக்கு மேல் நம்பிக்கை போய்விட்டது. கோபித்துக்கொண்டு போனவர் இல்லை. யோசித்து யோசித்து, இல்லை என்று முடிவுக்கு வந்தவர். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர் வீட்டுக்குப் போவதே ஒரு கேள்வியை இறக்கி வைக்கத்தான் என்று ஆகிவிட்டது.

ஒரு தடவை பரிணாமம் பற்றிப் பேச்சு வந்தது. டார்வினே சாகும்போது மனந்திரும்பினார் தெரியுமா என்று கேட்டேன். ஒரு பிரசங்கத்தில் கேட்ட கதை. லேடி ஹோப் என்ற அம்மையார் போய்ப் பார்த்தாராம், டார்வின் படுக்கையில் எபிரெயர் நிருபம் வாசித்துக்கொண்டிருந்தாராம், பழைய கொள்கைக்காக வருத்தப்பட்டாராம். அழகாகச் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். டார்வின் இறந்தது 1882. அந்தக் கதை அச்சில் வந்தது 1915இல், ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பத்திரிகையில். 33 வருடம் கழித்து. டார்வினின் மகள் ஹென்ரியட்டா, அப்பா சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மையார் அப்பாவின் கடைசி நோயின்போது வரவே இல்லை என்று 1922இல் எழுதி மறுத்திருக்கிறார். டார்வினின் மனைவி எம்மா பக்தியுள்ளவர். கணவருடைய அவிசுவாசத்தால் வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டவர். அப்படி ஒன்று நடந்திருந்தால் முதலில் சந்தோஷப்பட்டுச் சொல்லியிருக்கக்கூடியவர் அவர்தான், அவர் வாயே திறக்கவில்லை. இதெல்லாம் அத்தானுடைய தாளில் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கதை பொய்யாக இருந்தாலும் கருத்து சரிதானே" என்றேன். அப்போதுதான் அவர் அக்காவின் வேதாகமத்தை எடுத்து, தேடக்கூட இல்லை, நேராகத் திறந்து யோபு 13:7ஐ வாசித்தார். "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?"

நம்பிக்கை இல்லாதவர் வாசித்து நான் அந்த வசனத்தை முதல் முறையாகக் கேட்டேன். யோபை இரண்டு தடவை முழுதாக வாசித்து முடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும், வானிலை பற்றிச் சொன்னால்கூட, "மாப்பிள்ளை, இது டார்வின் கணக்கா, நிஜக் கணக்கா?" என்பார்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. டார்வின் உண்மையிலேயே மனந்திரும்பியிருந்தாலும் பரிணாமம் சரியா தப்பா என்பது அதனால் தீராது. ஒரு மனிதன் சாகும்போது என்ன நினைத்தான் என்பதை வைத்து எலும்புகளின் வயதைக் கணக்கிட முடியாது. அந்தக் கதை வாதமாகவே நிற்காது. நான் அதைச் சொன்னது ஆதாரமாக இல்லை, குத்துவதற்காக. பார், உங்கள் ஆளே எங்கள் பக்கம் வந்துவிட்டான் என்று.

யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசாவின் கணினி கண்டுபிடித்தது என்ற கதையையும் தூக்கிப்போட்டுவிடுங்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. உங்கள் மூன்று வாரத்தில் அதுவும் வந்ததா?

ஜூன் 8

வேதாகமத்தின் நம்பகத்தன்மை பற்றிப் பேசினேன் என்றீர்களே, கையெழுத்துப் பிரதிகளின் எண்ணிக்கையைச் சொல்லியிருப்பீர்கள். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேல் பிரதிகள் உண்டு, பழங்கால நூல் வேறு எதற்கும் இவ்வளவு கிடையாது. நானும் சொல்வேன். பொய் கிடையாது, தாராளமாகச் சொல்லலாம்.

ஜூன் 10

தாராளமாக என்று எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். அந்த 5,000த்தில் மிகப் பெரும்பான்மை 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. மிகப் பழையவை என்று சொல்லப்படுபவை துண்டுகள். மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் சுவிசேஷத்தின் பாப்பிரஸ் துண்டு ஒன்று இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும், பொதுவாக 2ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பிலாத்துவின் முன்னால் இயேசு நிற்கிற பகுதி. அதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அந்தத் துண்டை வைத்து முழுப் புத்தகமும் மாறாமல் வந்தது என்று சொன்னால் அது டார்வின் கணக்கு.

இன்னொன்று. பிரதிகள் நிறைய இருப்பது, எழுதப்பட்டது நம் கைக்கு ஓரளவு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம். எழுதப்பட்டது நடந்ததா என்பது வேறு கேள்வி. உங்கள் நண்பர் இரண்டாவதைக் கேட்டிருப்பார், நீங்கள் முதலாவதற்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். அவர் பேச்சை நிறுத்தியது பதில் இல்லாமலா, அலுத்துப்போயா என்று எனக்குச் சந்தேகம்.

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகர் ஆகஸ்டீனுக்கு இந்த விஷயத்தில் எரிச்சலே வந்திருக்கிறது. ஆதியாகமத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தில் ஓரிடம். வானம், நட்சத்திரம், விலங்குகள் பற்றி அவிசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களில் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், அந்த அவிசுவாசி உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்கிறார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. அப்போதே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது.

ஜூன் 11

அக்காவின் மகளிடம் நேற்று தொலைபேசியில் பேசினேன். இப்போது பெரியவள், வேலைக்குப் போகிறாள். நானும் அத்தானும் வாதாடுகிற காலத்தில் பள்ளிப் பிள்ளை, மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அன்றைக்கெல்லாம் நாங்கள் பேசியதில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். எனக்கு ஒரு நப்பாசை, ஏதாவது ஒரு வாதமாவது மனதில் தைத்திருக்குமே என்று.

"அப்பா பேசும்போது நீங்க குறுக்கே பேசுவீங்க மாமா. ஒரு நாள் எண்ணினேன். பதினொரு தடவை."

அவ்வளவுதான். உயிர்த்தெழுதலுக்கான ஆதாரங்களில் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை. பதினொன்று இருக்கிறது.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." நீதிமொழிகள் 18:13. இதை நான் சபையில் வாசித்து விளக்கமும் சொல்லியிருக்கிறேன்.

வாதம் என்றால் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்கிறோம். மூலையில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 12

நீதிமொழிகள் 26இல் 4ஆம் வசனம்: மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே. 5ஆம் வசனம்: மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு. முரண்பாடு என்று காட்டுவதற்கு அத்தானுக்கு மிகவும் பிடித்த இடம். எனக்கும் பிடித்த இடம்தான், வேறு காரணத்துக்காக. இந்த இரண்டில் எது இன்றைக்கு என்று வசனம் சொல்வதில்லை. அப்புறம், மூடன் யார் என்பதையும் சொல்வதில்லை.

ஜூன் 14

"அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்டது நியாயம். இல்லை. அப்பொல்லோ என்ற போதகன் வெளியரங்கமாகப் பலமாகத் தர்க்கம் பண்ணினான் என்று அப்போஸ்தலர் 18 பாராட்டித்தான் சொல்கிறது. (அதற்கு முன்னால் அவனுக்கே பாதிதான் தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபைக்கு நடுவில் எழுந்து திருத்தாமல் தனியே சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காகவே அந்தத் தம்பதியை எனக்குப் பிடிக்கும்.)

பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் செய்ததைப் பாருங்கள். விக்கிரகங்களைப் பார்த்ததும் அவருக்கு உள்ளே கொதிக்கிறது, "தன் ஆவியில் மிகுந்த வைராக்கியமடைந்து" என்றே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டணத்தின் சபை கூடும் மார்ஸ் மேடையில் எழுந்து நின்று வாயைத் திறக்கும்போது முதல் சொல், நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்கள் என்று காண்கிறேன் என்பது. பட்டணத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பலிபீடத்தை வாசித்திருக்கிறார், அவர்களுடைய கவிஞரான அராத்துஸின் வரியையே எடுத்துச் சொல்கிறார். கொதிப்பு உள்ளே நின்றுவிட்டது, வெளியே வந்தது அவர்கள் வீட்டுச் சொல். நான் அத்தானிடம் போகும்போது நேர்மாறு. உள்ளே ஒன்றும் கொதிக்காது, வெளியே கொதிக்கும்.

முடிவு என்ன ஆயிற்று? சிலர் இகழ்ந்தார்கள். சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள். தியொனீசியு, தாமரி, இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். பவுல் பேசியே இவ்வளவுதான். இகழ்ந்தவர்கள் பின்னால் அவர் ஓடவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஆகஸ்டீனின் தாய் மோனிக்கா ஒரு ஆயரிடம் போய், என் மகனோடு பேசி அவன் தப்பை எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறாள். ஆகஸ்டீன் அப்போது மானிக்கேயர் என்ற வேறு மதக் கூட்டத்தில் இருக்கிறார், வாதத்தில் பெரிய கெட்டிக்காரர், எளியவர்களை மடக்கிக்கொண்டு திரிகிறார். அந்த ஆயர் மாட்டேன் என்கிறார். இப்போது அவன் கேட்கிற பக்குவத்தில் இல்லை, விட்டுவிடு, ஜெபம் பண்ணு, வாசித்து வாசித்து அவனே கண்டுகொள்வான். அந்த ஆயரும் சின்ன வயதில் அதே கூட்டத்தில் வளர்ந்தவர், யாரும் வாதாடாமல் தானாகவே வெளியே வந்தவர். மோனிக்கா விடாமல் அழ, போம்மா, இவ்வளவு கண்ணீரின் மகன் அழிந்துபோக மாட்டான் என்று கொஞ்சம் சலிப்போடு சொல்லி அனுப்புகிறார். அந்தச் சலிப்பு எனக்குப் பிடித்த பகுதி, பிரசங்கங்களில் அதை விட்டுவிடுவார்கள். ஆகஸ்டீன் ஞானஸ்நானம் பெற்றது 387இல், பல வருடம் கழித்து. மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு தன்னை அன்பாக நடத்தியதால்தான் முதலில் அவரைப் பிடித்துப்போயிற்று, அவர் போதனை பிறகுதான் என்று ஆகஸ்டீனே எழுதியிருக்கிறார்.

ஆகவே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

ஜூன் 17

இது கொஞ்சம் விலகல், ஆனாலும் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் ஒரு நண்பர், வேறு மதத்தவர். ஒரு நாள் அவரே கேட்டார், உங்கள் மதத்தில் அடிப்படையாக என்னதான் சொல்கிறார்கள் என்று. விசாரித்துக் கேட்கிற ஆள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "நாமெல்லாரும் பாவிகள்" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சபைக்கு வெளியே "பாவி" என்பது வசவு. அடப்பாவி, சண்டாளப்பாவி. "பாவம்" என்றால் ஒன்று கொலை, களவு. அல்லது ஐயோ பாவம் என்கிற இரக்கம். ரோமர் 3:23 சொல்கிற, எல்லாரும் தேவமகிமையற்றவர்களாகி நிற்கிற நிலை என்ற பொருள் அந்தச் சொல்லில் அவருக்குக் கேட்கவே கேட்காது. அவர் கேட்டது, உங்கள் மதம் என்ன சொல்கிறது. நான் சொன்னதாக அவருக்குக் கேட்டது, நீ ஒரு அயோக்கியன்.

இரட்சிப்பு, கிருபை, நீதிமானாக்கப்படுதல், அபிஷேகம். ஒரு நாள் இந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று எனக்கு நானே சோதனை வைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டேன். சொற்கள் இல்லாமல் எனக்கே விஷயம் எவ்வளவு தெரிந்திருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

"சாட்சி" மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வேலை செய்கிற சொல். சாட்சிக்கு வழக்கை ஜெயிக்கிற பொறுப்பு கிடையாது. பார்த்ததைச் சொல்ல வேண்டும், பார்க்காததைச் சொல்லக் கூடாது. யோவான் 9இல் இயேசுவால் பார்வை பெற்றவனைப் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் நெருக்குகிறார்கள், இயேசு பாவி என்று சொல்லச் சொல்கிறார்கள். அவர் பாவியென்று எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்கிறான். டார்வின் கதையை அவனிடம் கொடுத்திருந்தால் அவனுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது.

ஜூன் 18

பழைய இலக்கணம் படித்தவர்களுக்கு நன்னூலின் எழுவகை மதம் ஞாபகம் இருக்கும். அதில் ஒன்று, "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. பள்ளியில் மனப்பாடம் பண்ணினேன், புரியவில்லை. மேற்கொள்ளாமல் களையப் போனால் நாம் களைவது அவருடைய கருத்தையே இல்லை, நாமே செய்து வைத்த பொம்மையை.

17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னார். ஒருவரைத் திருத்த வேண்டுமானால் அவர் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார் என்று முதலில் பார். அந்தப் பக்கமிருந்து அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மையை ஒப்புக்கொள், பிறகு அவர் பார்க்காத பக்கத்தைக் காட்டு. எல்லாப் பக்கமும் பார்க்கவில்லை என்று சொன்னால் மனிதனுக்குக் கோபம் வராது, தப்பு செய்தாய் என்றால்தான் வரும்.

சோதனை செய்து பார்த்தேன். அத்தானிடம் போய், நீங்கள் ஏன் நம்பவில்லை என்பதை நான் சொல்கிறேன், சரியா என்று சொல்லுங்கள் என்றேன். சொல்லி முடித்தேன். "இல்லை" என்றார். திரும்பவும் சொன்னேன். "பாதி" என்றார். இத்தனை வருடம் வாதாடியும் அவர் கருத்து எனக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. மூன்றாவது தடவையில்தான் தலையாட்டினார். துன்பம் ஏன் என்ற கேள்வி அவருக்கு முக்கியமே இல்லையாம். கடவுள் ஏன் இவ்வளவு மறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. நான் துன்பத்துக்குப் பதில் தயார் பண்ணி வைத்துக்கொண்டு வருடக் கணக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் பேசியது ஒரு மணி நேரம். களைவு வரைக்கும் போகவே இல்லை.

2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதிய உரையாடல் ஒன்று உண்டு, திரிபோ என்ற யூதரோடு பேசுவதாக. நீண்டு கொண்டே போகும், நடுவில் ஜஸ்டினின் வார்த்தைகள் காரமாகவும் இருக்கும், சிலது இன்றைக்கு வாசிக்கவே சங்கடம். ஆனால் முடிவில் திரிபோ மாறவில்லை. பேசியது நன்றாக இருந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது என்கிறார். ஜஸ்டின் கப்பலேறப் போகிறார், ஒருவருக்கொருவர் நல்லது சொல்லிப் பிரிகிறார்கள். இதை எழுதியவர் ஜஸ்டின். திரிபோ மண்டியிட்டதாக எழுதியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? எழுதவில்லை.

ஜூன் 21

வெளியே இருப்பவர்களோடு வாதாடுவதை இவ்வளவு எழுதிவிட்டேன். நமக்குள் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா, ஓய்வுநாள் எது, அந்நிய பாஷையில் பேசுகிற வரம் இன்றைக்கு உண்டா, இவற்றில் நாம் காட்டுகிற உக்கிரத்தில் கால்வாசியைக்கூட நாத்திகரிடம் காட்டுவதில்லை. 1529இல் ஜெர்மனியில் மார்பர்க் கோட்டையில் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்ளியும் சந்தித்தார்கள். 15 கட்டுரைகளில் 14இல் உடன்பட்டார்கள். பதினைந்தாவது, அப்பமும் ரசமும் பகிர்கிற கர்த்தருடைய பந்தியில் கிறிஸ்துவின் சரீரம் எப்படி இருக்கிறது என்பது. லூத்தர் மேசை மேல் "இது என் சரீரம்" என்று லத்தீனில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டே பேசினார். அந்த ஒன்றில் பிரிந்தவர்கள் பிரிந்தவர்கள்தான்.

லூத்தரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கு அந்தச் சொற்கள் உயிர். ஆனால் பதினான்கு என்ற எண்ணை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஜூன் 25

நண்பருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாதம் எதுவும் அனுப்ப வேண்டாம், இணைப்பும் அனுப்ப வேண்டாம். "உனக்காக ஜெபிக்கிறேன்" என்றும் எழுத வேண்டாம். ஜெபியுங்கள், எழுதாதீர்கள். சண்டைக்குப் பிறகு அந்த வாக்கியம் எதிரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்கு அத்தான் விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

பொதுவாக மன்னிப்பும் கேட்காதீர்கள். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசினீர்களா, அதற்கு. உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னீர்களா, எது என்று குறிப்பிட்டு அதற்கு. நான் டார்வின் கதைக்கு மன்னிப்புக் கேட்க நான்கு வருடம் எடுத்துக்கொண்டேன். கேட்டபோது, "அதை மறந்துட்டேனே" என்றார். அது பொய். வாரம் தவறாமல் சொல்லிக் காட்டுகிறவர்.

பதில் வராமலே போகலாம். மாற்கு 10இல் அந்த ஐசுவரியவான் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, ஆனால் கூப்பிட்டு நிபந்தனையைக் குறைக்கவில்லை, பின்னாலும் போகவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போயிருப்பேன்.

ஜூன் 26

நேற்றையது கொஞ்சம் கறாராகப் போய்விட்டது. அவர் நோயிலோ துக்கத்திலோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், நேரில் போய் உட்காருங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டாம் நாளிலிருந்துதான் கெட்டது.

ஜூலை 2

அக்கா இதையெல்லாம் அத்தானிடம் காட்டிவிட்டாள். காலையிலேயே அழைத்தார். இரண்டு திருத்தங்கள். ஒன்று, பத்திரிகை 1915 என்பது சரி, ஆனால் தாளில் அவர் பத்திரிகையின் பெயரும் எழுதியிருந்தார், நான் அதை விட்டுவிட்டேன். வாட்ச்மேன்-எக்ஸாமினர். இரண்டு, மகள் எண்ணியது பதினொன்று இல்லை, அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கிறாள், பதின்மூன்று. வயதான மாமா வருத்தப்படுவாரே என்று குறைத்துச் சொல்லியிருப்பாள் என்கிறார்.

அப்புறம் திரிபோவைப் பற்றிக் கேட்டார். "அவர் பேசுற இடம் மட்டும் எடுத்து அனுப்பு மாப்பிள்ளை. ஜஸ்டின் வேண்டாம்."

அதையும் எழுதினது ஜஸ்டின்தான் என்றேன்.

"அதான் பார்க்கணும். எவ்வளவு நியாயமா எழுதியிருக்கார்னு."

அனுப்பியிருக்கிறேன்.